சடைக்குட்டி

சிவாவா நகரில் அந்த ஊர்ப் பெயர் கொண்ட குட்டிநாய் வேண்டுமென்றால், எல்லோரும் செவேரோவின் வீட்டுக்குத்தான் வருவார்கள். அன்று காலை வந்த பெண் வெளியூர்க்காரி. துணியால் மூடிய கைக்குழந்தை அவள் தோளில் தூங்கியது.

கூடையில் கிடந்த நாலு குட்டிகளில் செவேரோ கையில் எடுத்துக் காட்டியதை அவள் உற்றுப் பார்த்தாள். “மத்த மூணும் வழவழன்னு இருக்கு. இது மட்டும் என்னங்க, சடைசடையா? தெருநாய்க்குப் பொறந்ததா?”

செவேரோவுக்குச் சுருக்கென்றது. “வாயைக் கழுவும்மா! இது சுத்தமான சிவாவா. இந்த ஜாதியிலேயே ரெண்டு விதம் உண்டு.”

“அதோ நிக்கிற அப்பன், ஆத்தா ரெண்டுக்கும் குட்டை முடிதானே?”

“அதனால என்ன? பாட்டியோ பூட்டியோ சடையா இருந்திருக்கும். ரத்தத்துல ஒளிஞ்சு கிடந்து இப்பத் தலைகாட்டுது. முடியைப் பார்த்துத் தாயைச் சந்தேகப்படுறவன் முட்டாள்!”

“நிச்சயமாவா?”

“விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து இதுதாம்மா என் பொழப்பு. சத்தியம் பண்ணட்டுமா?”

அவள் குழந்தையின் தலையிலிருந்த துணியை விலக்கினாள். செக்கச்செவேலென்று சுருட்டை முடி.

“நான் திஹுவானாவிலேருந்து வர்றேன், மாமா. உங்க மகன் ரொதோல்ஃபோவோட சம்சாரம். கல்யாணத்துக்குத்தான் நீங்க வரலை. ‘நம்ம வம்சத்துல ஏதுடா செம்பட்டை? அந்தப் பிள்ளையை இங்க கொண்டுவராதே’ன்னு போன்ல சொன்னீங்களாமே?”

குழந்தை விழித்துச் செவேரோவை முறைத்தது. அவர் குட்டியை அவளிடம் நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் பிடிம்மா.”

“எனக்கு நாய் வேணாம், மாமா.”

“வாங்கச் சொல்லலை. என் கை காலியா இருந்தாத்தானே பேத்தியைத் தூக்க முடியும்?”