ஒரு நாள்கூட விடாமல்

சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கான புது மாத்திரையைச் சோதிக்கும் ஆராய்ச்சிப் பிரிவு அது. நோட்டைப் புரட்டிய நர்ஸின் முகம் மலர்ந்தது.

"இருநூறு பேர்ல ஒரு நாள்கூட விடாம எழுதினது உங்க வீட்டுக்காரர் மட்டும்தாம்மா. ராத்திரி எத்தனை தடவை எழுந்தாரு, எத்தனை தடவை துணி நனைஞ்சதுன்னு நேத்து வரைக்கும் சுத்தமா இருக்கு. அவரு வரலையா?"

எதிரே இருந்த அம்மாள் மாத்திரை டப்பாவை மேசைமேல் வைத்தாள். நர்ஸ் எண்ணிப் பார்த்தாள். பதினெட்டு மிச்சம்.

"என்னம்மா, தினம் ஒண்ணு குடுக்கச் சொன்னேனே?"

"பதினெட்டு நாளா யாருக்குக் குடுக்கறது நர்ஸம்மா? மாரடைப்புல போய்ச் சேர்ந்துட்டாரே."

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி கோபம் வந்தது.

"அப்போ மிச்சத்தை நீங்களே எழுதிட்டீங்களா? நோயாளி தன் கையாலதான் எழுதணும்னு முதல் நாளே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! மொத்த ஆராய்ச்சியும் பாழாயிடும்மா."

நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"சரி, மாத்திரையைத் திருப்பிக் குடுத்ததா இதுல கையெழுத்துப் போடுங்க."

"மை டப்பா இருக்கா?" அம்மாள் கட்டைவிரலை நீட்டினாள். "எனக்கு எழுதத் தெரியாது. வீட்டுலயும் வேற யாரும் கிடையாது."

நர்ஸ் அவசரமாகக் கடைசிப் பக்கத்தையும் முதல் பக்கத்தையும் ஒப்பிட்டாள். அதே சாய்ந்த கையெழுத்து.

அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"இதுல பக்கம் தீர்ந்துபோச்சு. இன்னொரு நோட்டு குடுங்கம்மா. இல்லன்னா ராத்திரி முழுக்கத் தேடிக்கிட்டே இருப்பாரு."