சுவரில் ஓடிய மான்

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தோல்பாவை மான் நின்றது. ஒரு காலத்தில் விளக்குக்கு முன்னால் ஆடி, வெள்ளைத் துணியில் நிழலாய் ஓடிய மான் அது.

"உன் ஒவ்வொரு புள்ளியும் தெரிகிறபடி வெளிச்சம் போடுகிறேன். இன்னும் என்ன குறை?" என்றது எதிரே இருந்த மின்விளக்கு.

"எல்லாரும் என் தோலைத்தான் பார்க்கிறார்கள். நான் ஓடுவதை யாரும் பார்க்கவில்லையே," என்றது மான்.

ஒருநாள் பின் ஜன்னலின் திரைச்சீலை விலகியது. சாயங்கால வெயில் மானின் முதுகில் பட்டு, எதிர்ச் சுவரில் நிழல் விழுந்தது. வெளியே நின்ற வேம்பின் நிழலும் கூடவே விழுந்து காற்றில் அசைய, மான் காட்டுக்குள் ஓடியது.

"அட, நீயா அது!" என்றது விளக்கு.

ஆராய்ச்சியாளர் மரகதவல்லி பதறி ஓடி வந்தார். "ஐயையோ, வெயில் பட்டா தோல் வீணாப் போயிடுமே!" திரைச்சீலையை இழுத்து மூடினார். "நல்லவேளை, மானைக் காப்பாத்திட்டேன்."

சுவரில் மான் இல்லை.