பக்கத்து இடம்

நகரத்தின் நடுவே, நான்கு பக்கமும் பேருந்துகள் இரைய, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது அந்தப் பூங்கா. கணவர் நடேசன் இறக்கும்வரை இருவரும் சாயங்காலம் தவறாமல் வந்து உட்கார்ந்த கல் பெஞ்சில் கடைசியாக ஒருமுறை உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று கோமளவல்லி வந்திருந்தாள். இன்று மகனோடு பெங்களூருக்குப் போகிறாள். இனித் திரும்புவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புல்தரையில்கூட இடமில்லை. ஆனாலும் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பெஞ்சை நெருங்கியவர்கள் சற்றே தயங்கி விலகிப் போனார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "இங்க வந்து உக்காரும்மா, இடம் சும்மாதானே கிடக்கு" என்று கூப்பிட்டாள்.

"பரவால்லம்மா. ஐயா நல்லாத் தூங்குறாரு, எழுப்பாதீங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு அந்தப் பெண் நகர்ந்தாள்.

 கோமளவல்லி திரும்பிப் பார்க்க நினைத்தாள், துணிச்சல் வரவில்லை. வலது தோள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது.

கைப்பேசி அடித்தது. மகன்.

"எங்கம்மா இருக்கீங்க? கார் வந்து நிக்குது."

"நீ கிளம்புப்பா" என்றாள், தோளை அசைக்காமல், குரலைத் தாழ்த்தி. "நாங்க வரல."