ஒற்றை வாக்கில் போன தொகுதி

“ஒரு வோட்டு! ஒரேயொரு வோட்டிலை தோத்தனான்!”

பத்திநாதர் மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணி தளும்பியது. பாரிசின் லா சப்பலில் உள்ள உதயனின் கடையில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் உதயனின் அக்கா புருஷன். லண்டனில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்ற சூடு ஆறாமல், மனைவியையும் இழுத்துக்கொண்டு ரயிலேறிப் பாரிசுக்கே வந்துவிட்டார்.

“ஐம்பது வருசமா எங்கடை கட்சியே பிடிச்சு வைச்சிருந்த தொகுதி. தொகுதி எல்லையை மாத்தேக்கை, தண்டவாளத்துக்கு அங்காலை இருக்கிற அகதியளை வெட்டிவிடச் சொல்லி மனுக் குடுத்து அதிலையும் வெண்டனான். கடைசியிலை சொந்த மச்சான் கவிட்டுப்போட்டான்!”

அகதிகளாம்! லண்டனுக்கு வந்த புதிதில் அவரும் அக்காவும் உதயனுமாக மூன்று பேரும் ஒரே அறையில் முடங்கிக் கிடந்ததே அந்தத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான். மனிதர் வசதியாக மறந்துவிட்டார். அக்கா இம்மாகுலேற் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீ இஞ்சை வந்து கடை போட்டாலும் உனக்கு அங்கை வோட்டு இருக்கு. எனக்குப் போட்டனியோ, இல்லையோ? இல்லையெண்டால் இண்டையோடை எல்லாம் முடிஞ்சுது. உன்ரை கொக்காவும் உன்னோடை கதைக்கமாட்டாள்.”

உடன்பிறப்பென்று உதயனுக்கு இருப்பது அக்கா ஒருத்திதான். தன் சார்பில் வாக்குப் போடும் உரிமையை அவள் பேருக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தான்; அது அத்தானுக்குத் தெரியாது. ‘அத்தானுக்கே போடு’ என்றும் சொல்லியிருந்தான். அதைச் சொன்னால் சண்டை முடிந்துவிடும்.

சொல்ல வாயெடுத்தவன் அக்காவைப் பார்த்தான். முகம் வெளிறி, வாயருகே கொண்டுபோன கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தாள். அவனுக்கு விளங்கிவிட்டது.

“இல்லை அத்தான். நான் மற்றக் கட்சிக்குத்தான் போட்டனான்.”

“துரோகி! இம்மாகுலேற், எழும்பு!”

கதவை அறைந்துவிட்டு வெளியே போனார் பத்திநாதர்.

அக்கா கைப்பையை எடுக்கிற சாக்கில் தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தாள். கண் நிறைந்திருந்தது.

“ஏனடா பொய் சொன்னனி?”

“என்ரை வோட்டை நீ மாத்திப் போட்டதெண்டு தெரிஞ்சால் அவர் உன்னைச் சும்மா விடுவாரோ?”

“விசரா, உன்ரை வோட்டை நீ சொன்னபடி அவருக்குத்தான் போட்டனான். என்ரையைத்தான் மற்றவனுக்குப் போட்டனான்.”