ஏழு உத்தரம்

"சாவியைக் குடுய்யா!"

கட்டடக் கமிட்டித் தலைவர் போட்ட சத்தம் புது ஆலயம் முழுக்கக் கேட்டது. பிரதிஷ்டை ஆராதனைக்கு இன்னும் பத்தே நிமிஷம். வாசலில் பேராயரின் கார் வந்தாயிற்று.

பாடகர் மாடத்துக்குப் போகும் மரப்படியின் கதவைப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவை மறித்து நின்றார் தச்சர். சபையில் அவருக்கு, மட்டம் பார்க்கிற கருவியை வைத்து, 'ரசமட்டம்' என்றுதான் பேர். அடுத்தவர் கல்யாணத்துக்குப் போனாலும் மேடை கோணலா என்று குனிந்து பார்க்கிற ஆள். நல்ல மனுஷன்தான், ஆனால் ஒரு வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

அவர் முன்னால் வெள்ளை அங்கி போட்ட நாற்பது பாடகர்கள் காத்து நின்றார்கள்.

"தர மாட்டேன். மேல யாரும் ஏறக் கூடாது."

"ஏன், உங்க அப்பன் வீட்டு மாடியா அது?"

"மாடத்துக்கு அடியில ஒன்பது உத்தரம்னு வரைபடத்துல இருக்கு. நான் காய்ச்சல்ல படுத்திருந்த அஞ்சு நாள்ல ஏழோட நிறுத்தி, பலகை அடிச்சு மூடிட்டீங்க. இன்னைக்குக் காலையிலதான் தட்டிப் பாத்தேன். ரெண்டு இடம் வெறும் காலி."

"நான்தான் ஏழு போதும்னேன். அதுக்கென்ன இப்போ?" தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஏழுதான்யா பரிபூரண எண். ஏழு நாள், ஏழு சபை, ஏழு முத்திரை. ஆண்டவரோட வீட்டை ஆண்டவர் கணக்குல கட்டினேன்."

"எண்ணு பரிபூரணம்தான் தலைவரே. ஆனா பாரத்தைத் தாங்குறது எண்ணு இல்ல, மரம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இருமலாகிவிட்டது.

"நேத்து ஒத்திகைக்குப் பத்து பேர் ஏறிப் பாடினாங்க. என்ன, குடியா முழுகிப் போச்சு?"

"நேத்து பத்து பேர். இன்னைக்கு நாப்பது."

"விஷயம் அதில்ல. கல்வெட்டுல உன் பேர் இல்ல. அந்த வயித்தெரிச்சல்! அதான் நேரம் பாத்து மானத்தை வாங்குறே."

இது நன்றாகவே வேலை செய்தது. கல்வெட்டில் பேர் இல்லையே என்று போன வாரம் தச்சர் புலம்பியது நாலு பேர் காதில் விழுந்திருந்தது. "ஓ, இதுக்குத்தானா?" என்று முணுமுணுப்பு கிளம்பியது.

பாடகர் வரிசையிலிருந்து தச்சரின் மனைவி அவர் பக்கத்தில் வந்தாள். அவமானத்தில் கண் கலங்கியிருந்தது.

"எல்லாரும் பாக்குறாங்க. குடுத்துத் தொலைங்களேன்."

"குடுத்துட்டு? உன்னை மேல அனுப்பிட்டு, நான் கீழ உக்காந்து ஜெபம் பண்ணணுமா?" தச்சர் தலைவர் பக்கம் திரும்பினார். "ஆண்டவர் இயேசுவும் முப்பது வயசு வரைக்கும் என் தொழில்தான் பாத்தாரு. காலொடிஞ்ச நாற்காலியைக் குடுத்து, விசுவாசத்தோட உக்காருன்னா சொல்லியிருப்பாரு?"

வியர்க்க விறுவிறுக்க பாஸ்டர் ஓடிவந்தார். "என்னய்யா இது? பேராயர் ரிப்பன் வெட்டப் போறாரு!"

"அஞ்சு நிமிஷம் குடுங்க பாஸ்டர். ஒரே ஒரு பலகையைக் கழட்டிக் காட்டுறேன்."

"பிரதிஷ்டை அன்னைக்கே ஆலயத்தை உடைக்கணுமா?" தலைவர் குறுக்கே பாய்ந்தார். "பேதுரு தண்ணி மேலயே நடந்தாரு. இவனுக்குத் தேக்கு மேல நடக்க நம்பிக்கை இல்ல!"

"பேதுரு நடந்தாரு. நாப்பது பேரைத் தூக்கிட்டு நடக்கல."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா!"

பாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். மாடத்தின் அடிப்பக்கம் வார்னிஷ் பூச்சில் பளபளத்தது. அவருக்கு மரமும் தெரியாது, மட்டமும் தெரியாது. தலைவரைப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும்.

"தலைவரே, நீங்க உறுதியாச் சொல்றீங்களா?"

தலைவர் சிலுவையைப் பார்த்து வலது கையைத் தூக்கினார். "ஆண்டவர் சாட்சியாச் சொல்றேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. எனக்கு அந்த விசுவாசம் இருக்கு."

நாலைந்து பேர் "ஆமென்" போட்டார்கள். இதற்கு மேல் என்ன பேசுவது?

பாஸ்டர் கையை நீட்டினார். "சாவி, தம்பி."

பாஸ்டர் சொல்லைத் தச்சர் ஒருநாளும் தட்டியதில்லை. சாவியை எடுத்தார். "என் பொண்டாட்டி மேல போறா பாஸ்டர்," என்றார். சாவியை அவர் கையில் வைத்தார்.

பாஸ்டரே கதவைத் திறந்தார். "ம், வரிசையா ஏறுங்க. முதல் பாட்டை யார் ஆரம்பிக்கிறது? அவங்க முன்னால வாங்க."

யாரும் வரவில்லை.

"தலைவரோட பொண்ணுதான் பாஸ்டர்," என்றார் பாட்டு ஆசிரியை. "வரிசையில காணோமே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆலயத்தின் அந்தக் கோடியில், முன் பெஞ்சில், அங்கி போடாமல் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பத்து வயசுக் குழந்தை.

"நீ ஏன்மா அங்கே உக்காந்திருக்கே?"

"அவளுக்குத் தொண்டை சரியில்ல பாஸ்டர்," தலைவர் அவசரமாக முந்திக்கொண்டார். "நேரமாச்சு, மத்தவங்க ஏறட்டும்."

"தொண்டை நல்லாத்தான்பா இருக்கு," குழந்தை எழுந்து நின்றது. "நேத்து பாடும்போது கால்கிட்ட ஏதோ முறியுற சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேன்ல? நீ மட்டும் இன்னைக்கு மேல ஏறாதே, அதுக்குக் கீழேயும் உக்காராதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"