டாக்னியின் பூஜ்யம்

சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை டாக்னி காலையிலிருந்து நாலாவது முறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆர்ஹுஸ் நகரத்தில் ஒரு மாணவர் விடுதி. மூன்றாம் மாடியில் பத்து அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. ஒவ்வொரு அறை ஹீட்டரிலும் ஒரு மீட்டர் உண்டு. இந்தக் குளிர்காலம் சிக்கனமாக இருக்கவேண்டும் என்று, யார் அறையில் எவ்வளவு சூடு செலவாகிறது என்பதை நிர்வாகம் மாதாமாதம் எழுதி ஒட்டிவந்தது.

டாக்னியின் பெயருக்கு நேரே பூஜ்யம். டிசம்பரிலும் பூஜ்யம், ஜனவரியிலும் பூஜ்யம்.

அவளை உட்காரவிடாமல் அலைக்கழித்தது அதற்குக் கீழே இருந்த எண். பக்கத்து அறை ஹனுஸுடையது. மாடியிலேயே பெரிய எண். மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு.

அன்று சாயங்காலம் மாடிக்காரர்கள் எல்லோரும் சமையலறையில் கூடினார்கள். முதலில் டாக்னிதான் பேசினாள். தான் ஹீட்டரைத் தொடுவதே இல்லை என்றாள். இரண்டு ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை, மடியில் ஒரு வெந்நீர்ப் பை, அவ்வளவுதான். நவம்பரில் கஷ்டமாகத்தான் இருந்தது, அப்புறம் உடம்பு தானாகப் பழகிவிட்டது, மனசு வைத்தால் யாராலும் முடியும் என்றாள்.

சொல்லிவிட்டு ஹனுஸைப் பார்த்தாள்.

ஹனுஸ் வடக்கே குளிர்க் கடல் நடுவில் இருக்கிற ஃபாரோ தீவுக்காரன். மீன்பிடிக் கப்பலில் போகிறவர் வீட்டுப் பிள்ளை. கதவு உயரத்துக்கு ஆள், பேச்சு மட்டும் குறைவு. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"உன் ரூம்ல என்ன, தக்காளித் தோட்டமா போட்டிருக்கே?" என்றாள்.

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்குக் குளிர் தாங்காது."

"கடல்காத்துல பொறந்து வளந்தவனுக்கா?"

"தாங்காதுன்னா தாங்காதுதான்."

ஹனுஸ் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் அவன் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெயில் காயும் பனிக்கரடி. டாக்னி வரைந்ததல்ல. ஆனால் நின்று சிரித்தாள், போட்டோவும் எடுத்துக்கொண்டாள். ஹனுஸ் அதைக் கிழிக்கவில்லை. சமையலறைக்கு வருவதுதான் குறைந்தது, பிறகு நின்றேபோனது. பிப்ரவரி நடுவில் நகரத்தின் மறுகோடியில் வேறு விடுதி கிடைத்துக் கிளம்பிவிட்டான்.

பெட்டியோடு போகும்போது மாடிப்படியில் டாக்னி எதிரே வந்தாள். அவன் ஒதுங்கி வழி விட்டான்.

"இனிமே உன் ஹீட்டரைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கோ, டாக்னி."

குத்திக்காட்டுகிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டாள். ஆனால் அறைக்குள் வந்த பிறகும் மனசு அடங்கவில்லை. நான் என்ன பொய்யா சொன்னேன், கதவில் ஒட்டியிருந்ததைத்தானே சொன்னேன் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை அறை ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. படிக்க உட்கார்ந்தால் விரல் விறைத்து, கீபோர்டில் எழுத்து மாறி மாறி விழுந்தது. எழுந்து நடந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி நடந்தாள். மூன்றாவது ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டாள். வெளியே அப்படியொன்றும் பெரிய குளிர் இல்லை, ஜனவரி இதைவிட மோசமாக இருந்தது. ஜன்னல் இடுக்குகளில் துணியைத் திணித்துப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. சுவரில் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று முடிவு கட்டி, விடுதியைப் பராமரிக்கிற பிரேபனைக் கூப்பிட்டாள்.

பிரேபன் வந்து ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். ஹீட்டரைத் திருகினார், நன்றாகவே வேலை செய்தது. கடைசியில் ஹனுஸின் அறைப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"ஒண்ணும் ரிப்பேர் இல்லம்மா. பக்கத்து ரூம் காலி. அவன் போன அன்னிக்கே அங்க ஹீட்டரை மூடிட்டேன்."

"அதுக்கும் என் ரூமுக்கும் என்ன சம்பந்தம்?"

"உனக்கு ஒரு பக்கம் மாடிப்படி, மத்த பக்கமெல்லாம் வெளிச்சுவர், தலைக்கு மேல கூரை, கீழே சூடே போடாத சாமான் ரூம். இது ஒண்ணுதான் சூடு வர்ற வழி. பழைய கட்டடம், மெல்லிசான சுவர். ரெண்டு மாசமா ரெண்டு ரூமுக்கும் சேத்து அவன் ஹீட்டர்தான் எரிஞ்சிருக்கு."

டாக்னியும் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஹனுஸுக்கும் இது தெரிந்திருக்காது என்றாள். ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் போதும்போல இருந்தது அவளுக்கு.

பிரேபன் சாமான் பையை மூடினார். டிசம்பர் கணக்கை எழுதி ஒட்டிய பிறகு, கொஞ்சம் குறைத்து வையேன் என்று அவரே அவனிடம் போய்ச் சொன்னாராம். அந்தக் குளிரில் அவன் வெறும் பனியனோடு, வியர்த்து வழிய உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தானாம்.

"என்ன சொன்னான்?"

"'நான் குறைச்சா பக்கத்து ரூம்ல அந்தப் பொண்ணு விடாம இருமுறா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அந்தப் பூஜ்யத்தைப் பாத்து ரொம்ப சந்தோஷமா இருக்கா'ன்னான்."