துறை இருந்த கட்டடம்

பொக்லைனுக்கு முன்னால் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

“ஓரமா வாங்க மேடம், புழுதி கிளம்பும்,” என்றார் டிரைவர் மேலிருந்து.

அவள் நகரவில்லை.

சுற்றுச்சூழல், மரபு, கலைத் துறை என்று முகப்பில் பெயர்ப்பலகை இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. போன வருஷம் துறையைக் கலைத்தார்கள். சுற்றுச்சூழல் வனத்தோடு போயிற்று. கலை சுற்றுலாவோடு போயிற்று.

மரபை யாரும் கேட்கவில்லை.

அவளைக் கால்நடைத் துறைக்குத் தூக்கிப் போட்டார்கள். இப்போது தீவனக் கோப்பு பார்க்கிறாள்.

இன்று கட்டடத்தின் முறை. அடுக்குமாடி வாகன நிறுத்தம் வருகிறதாம்.

வாசலில் இருந்த நாகலிங்க மரத்தைக் காலையிலேயே சாய்த்தாயிற்று. வெட்ட அனுமதி கொடுத்தது வனத்துக்குப் போன அவளுடைய பழைய சகாக்கள்தான். நன்றாக இருக்கட்டும்.

இடிக்கிற வேலையைப் பார்க்க வந்த பொறியாளர் நல்ல மனிதராக இருந்தார். அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம்.

“மரபுக் கட்டடம்னு ஒரு சான்று காட்டுங்க மேடம். இப்பவே வண்டியைத் திருப்பிடுறேன்.”

சான்று!

மாநிலத்தில் இருந்த பழைய கட்டடம் ஒன்றுவிடாமல் அவளுடைய துறைதான் பட்டியலில் ஏற்றிச் சான்று கொடுத்தது. கலெக்டர் பங்களா, மணிக்கூண்டு, கூரை போன ரயில் நிலையம். ஏதோ ஒரு ஜமீனின் குதிரை லாயத்துக்குக்கூடச் சான்று உண்டு. அதில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

தங்கள் அலுவலகத்தை மட்டும் ஏற்றவில்லை.

ஒரு கூட்டத்தில் அவள் கேட்டுத்தான் பார்த்தாள். மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“நாமளே குடியிருக்கிற வீடும்மா. யார் வந்து இடிக்கப் போறா?”

அவளும் சேர்ந்து சிரித்தாள். அதை நினைத்தால் இப்போது வாயெல்லாம் கசக்கிறது.

காலையில் அந்த இயக்குநருக்குப் போன் செய்தாள். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். சுற்றுலாவில் நல்ல பதவி.

ஜன்னல்களை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். உள்ளே தேக்குப் படிக்கட்டு தெரிந்தது. தினமும் ஏறிய படி.

பொறியாளர் அவளை ஓரமாக அழைத்துப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கும் மனசில்ல மேடம். ஒண்ணு பண்ணுங்க. சான்று கேட்டு இன்னைக்கே ஒரு மனு குடுங்க. மனு குடுத்த அத்தாட்சி இருந்தாப் போதும், நான் வேலையை நிறுத்தி வச்சுடுறேன்.”

அவளுக்கு உயிர் வந்தது.

“நானே ஆள் அனுப்புறேன். எந்த ஆபீஸ்ல குடுக்கணும்?”

மரபுச் சான்றுக்கு மனு வாங்கியது ஒரே ஆபீஸ்தான்.

இடிபடக் காத்திருந்த கட்டடத்தை நோக்கிக் கையை மட்டும் நீட்டினாள்.

சைகைக்காகக் காத்திருந்த டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.